மீட்டு வந்த நாயும் பூனையும் நம்மை நம்ப: முதல் நாளிலிருந்து முழுமையான வழிகாட்டி

தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ வந்த நாயும் பூனையும் நம்மிடம் ஒட்டிக்கொள்ள இரண்டு விஷயம் வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். பிடிக்காதபோது விலகிப்போக வழி இருக்க வேண்டும். சாப்பாடு, விளையாட்டு, கொஞ்சல் எல்லாம் இதற்குப் பிறகுதான் பலன் தரும். பாசத்தைக் கொட்டினால் சீக்கிரம் பழகிவிடும் என்று முதல் நாளே தூக்கிக் கொஞ்சுவதால்தான், சில வாரங்களில் வரவேண்டிய நம்பிக்கை பல வீடுகளில் மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறது.

நாய்க்குட்டி மனிதர்களோடு எளிதாகப் பழகும் பருவம் ஏறத்தாழ 3 முதல் 14 வாரம் வரை. பூனைக்குட்டிக்கு 2 முதல் 7 வாரம் வரை. அந்த வயதில் மனிதக் கை படாமல் வளர்ந்திருந்தால், நாம் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அதன் கண்ணுக்கு ஆபத்துதான். அதற்காக வளர்ந்த விலங்கு பழகாது என்றில்லை. 2001-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் காப்பக நாய்களைக் கவனித்தபோது, ஒரு புதியவர் பத்துப் பத்து நிமிடமாக மூன்றே முறை பழகியதிலேயே அந்த நாய்கள் அவரிடம் ஒட்டுதல் காட்ட ஆரம்பித்தன. 2019-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பூனைக்குட்டிகளைச் சோதித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான குட்டிகள், தங்களை வளர்ப்பவர் திரும்பி வந்ததும் பதற்றம் தணிந்து, மறுபடி சுற்றிப் பார்க்கப் புறப்பட்டன. துணை வேண்டும் என்ற விருப்பம் அவற்றுக்குள் இருக்கிறது. நம் வேலை அச்சத்தைக் குறைப்பது.

வருவதற்கு முன்பே தயாராக வேண்டியவை

பூனைக்கு முழு வீட்டையும் திறந்துவிடாதீர்கள். ஒரே ஒரு சிறிய அறை போதும். அதில் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி கட்டாயம் வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒளியப் பெட்டி கிடைத்த காப்பகப் பூனைகள் மற்ற பூனைகளைவிட வேகமாகப் பதற்றம் தணிந்தன. பெட்டியில் இரண்டு பக்கம் வாசல் வெட்டுங்கள்; ஒரே வாசல் என்றால் பூனைக்கு அது பொறி. கட்டிலடி, பீரோவின் பின்பக்கம் போல நம் கை எட்டாத இடங்களை முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். அங்கே போய் ஒடுங்கினால் வெளியே இழுக்க வேண்டி வரும். அந்த ஓர் இழுப்பு அதுவரை சேர்த்த நம்பிக்கையைக் கெடுத்துவிடும்.

பூனை மலம், சிறுநீர் கழிப்பதற்கான மணல் தட்டு, அதன் மூக்கிலிருந்து வாலடி வரையான நீளத்தைப்போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். மணல் 3 முதல் 5 செ.மீ. ஆழம். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கும் தட்டுக்கும் நடுவில் அறையின் நீளம் இருக்கட்டும். தண்ணீரையும் சாப்பாட்டையும் தள்ளித் தள்ளி வையுங்கள். உயரத்தில் ஏறி உட்கார ஓர் இடமும் தேவை. மேலிருந்து பார்க்க முடிந்தால் பூனையின் பயம் பாதி இறங்கும்.

நாய்க்கு ஒரு மூலையில் படுக்கை. வாசல் அதன் கண்ணுக்குத் தெரியவேண்டும், ஆனால் ஆள் நடமாடும் வழியில் இருக்கக் கூடாது. படுக்கையில் இருக்கும் நாயை யாரும் தொடுவதில்லை, எழுப்புவதில்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மருத்துவர்: தள்ளிப்போட முடியாத ஒரே தொந்தரவு

வந்த ஓரிரு நாளில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணி, தெள்ளுப்பூச்சி, குடற்புழு, தோல்நோய், பல், காது, பழைய காயம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பூனை என்றால், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்ஐவி, எஃப்இஎல்வி என்ற இரண்டு வைரஸ்களுக்கான இரத்தப் பரிசோதனை கேளுங்கள். வீட்டில் வேறு விலங்கு இருந்தால் புதிதாக வந்ததை இரண்டு வாரம் தனி அறையில் வைப்பது நல்லது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் பார்வோ போன்ற கிருமிகள் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

உயிரைப் பறிக்கும் இரண்டு தவறுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாய்களுக்கான உண்ணி மருந்து பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அதைப் பூனைமேல் விட்டால் வலிப்பு வந்து சாகலாம். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டுகூடப் பூனையைக் கொன்றுவிடும்.

எலும்பும் தோலுமாக வந்த விலங்குக்கு வயிறு நிறையப் போடத் தோன்றும். செய்யாதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவு சரிந்து இதயம் பாதிக்கப்படும். மருத்துவர் மேற்பார்வையில், நாளுக்கு நான்கைந்து முறையாகச் சிறிய அளவில் தொடங்கி, பல நாட்களில் முழு அளவுக்கு வர வேண்டும்.

கடித்தாலோ, நகம் கீறி இரத்தம் வந்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி வரலாறு தெரியாத விலங்கோடு இருக்கும்போது, "சின்னக் கீறல்தானே" என்று விட்டுவிடக் கூடாது. மனிதர்களுக்கு ரேபிஸ் வந்தபின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. உடனே தடுப்பூசி போட்டால் வராமலே தடுத்துவிடலாம்.

முதல் மூன்று நாட்கள்

விருந்தாளி வேண்டாம். குளிப்பாட்ட வேண்டாம். ஆளாளுக்குக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டாம். சாப்பாடு, தண்ணீர், கழிப்பிடம் மூன்றும் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே ஆள் கையால் நடக்கட்டும். அறைக்குள் நுழையுமுன் ஒரே சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். ஓரிரு நாளில் அந்தச் சொல் கேட்டதும் யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்று விலங்குக்குப் புரிந்துவிடும்.

நாய் முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பூனையின் கதை வேறு. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், குண்டான பூனைக்கு இன்னும் சீக்கிரம். ஒரு முழு நாள் எதுவுமே தொடவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். குட்டி என்றால் அரை நாளே அதிகம். உணவைச் சற்று வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் மணம் ஏறிப் பல பூனைகள் வாய் வைக்கும். இரவில்தான் சாப்பிடும் என்பதால் காலையில் கிண்ணத்தை எடை போட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் குறைந்தது தெரியாது.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு மீட்பு ஆர்வலர்கள் நடுவில் புழங்குகிறது: பதற்றம் தணிய மூன்று நாள், வழக்கம் பிடிபட மூன்று வாரம், வீடு தன்னுடையது என்று உணர மூன்று மாதம். பொறுமைக்கு நல்ல நினைவூட்டல், அவ்வளவுதான். நாட்காட்டியைப் பார்த்து அடுத்த படிக்குப் போகாதீர்கள். விலங்கின் உடலைப் பார்த்துப் போங்கள்.

பயந்த நாயை அருகில் வரவைக்கும் முறை

நாயிடமிருந்து மூன்று மீட்டராவது தள்ளித் தரையில் பக்கவாட்டாக உட்காருங்கள். முகத்துக்கு நேராகப் பார்க்காதீர்கள். பட்டாணி அளவுக்கு வேகவைத்த கோழித் துண்டுகளை, உப்போ மசாலாவோ இல்லாமல், வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டை எடுத்து நாய்க்குப் பின்னால் விழும்படி எறியுங்கள். நாய் திரும்பிப் போய்த் தின்னும், மறுபடி உங்களைப் பார்க்கும். அப்போது அடுத்த துண்டு, மறுபடி பின்னால். பத்துத் துண்டோடு எழுந்து போய்விடுங்கள்.

கையில் வைத்து நீட்டினால் சீக்கிரம் வருமே என்று தோன்றும். பசியால் வரும், ஆனால் எப்படி வருகிறது என்று பாருங்கள்: பின்னங்கால்கள் இருந்த இடத்திலேயே ஊன்றியிருக்கும், கழுத்தும் மூக்கும் மட்டும் நீளும், எடை முழுக்கப் பின்னால் இருக்கும். துண்டு வாய்க்குள் போன நொடியில்தான் தான் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம் என்று அதற்கு உறைக்கும். சில நாய் அலறி ஓடும், சில கடிக்கும். பின்னால் எறியும்போது ஒவ்வொரு துண்டும் நாய்க்கு விலகும் உரிமையையும் சேர்த்தே தருகிறது. அதனாலேயே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக நெருங்கி நிற்கும். நான்கு காலும் சேர்ந்து, உடல் வளைந்து தளர்வாக உங்களை நோக்கி வரும் நாள் வரும்வரை எறிவதைத் தொடருங்கள். அதன் பிறகு உள்ளங்கையைத் தரையோடு வைத்துக் கொடுக்கலாம்.

நாவால் மூக்கை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி, முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கக் கண்ணின் வெள்ளை தெரிவது, வால் வயிற்றடியில் ஒட்டுவது: இவை "போதும்" என்று அது சொல்லும் வழிகள். உடல் திடீரென்று உறைந்து அசையாமல் நின்றால் அடுத்தது கடியாக இருக்கலாம். மெதுவாகப் பக்கவாட்டில் விலகுங்கள். உறுமினால் திட்டாதீர்கள். உறுமல் எச்சரிக்கை. அதைத் தண்டித்தால் உறுமாமலே கடிக்கும் நாயை உருவாக்கிவிடுவோம்.

பூனைக்கு வேறு நடை

ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, பத்துப் பதினைந்து நிமிடம் அந்த அறையில் போய்த் தரையில் உட்கார்ந்து புத்தகம் வாசியுங்கள். தாழ்ந்த குரலில் வாய்விட்டு வாசித்தால் இன்னும் நல்லது. பூனையைத் தேடாதீர்கள். அது உங்களைப் பார்த்தால் கண்களை மெதுவாகச் சுருக்கி மூடித் திறந்து, பார்வையை விலக்குங்கள். இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2020-இல் இதைச் சோதித்தார்கள். மெதுவாகக் கண்சிமிட்டிய மனிதரைப் பார்த்துப் பூனைகளும் அதிகமாகக் கண்ணைச் சுருக்கின, முன்பின் தெரியாத ஆளாக இருந்தும் அவர் நீட்டிய கையை நோக்கி வந்தன.

சாப்பாட்டுக் கிண்ணம்தான் உங்கள் அளவுகோல். நீங்கள் அறையில் இருக்கும்போது எந்தத் தூரத்தில் தயங்காமல் சாப்பிடுகிறதோ அங்கே தொடங்குங்கள். அடுத்தடுத்த வேளைகளில் ஒரு சாண் அளவு உங்கள் பக்கம் நகர்த்துங்கள். ஒரு வேளை தயங்கினால் முந்தைய இடத்துக்கே கொண்டுபோங்கள். கைக்கு எட்டும் தூரம் வந்ததும் நீளமான கரண்டியில் கூழான உணவைத் தடவி நக்கக் கொடுக்கலாம்.

பிறகு விரல். ஒரே விரலை லேசாக மடக்கி, பூனையின் மூக்கு உயரத்தில், அதற்கு முன்னால் ஒரு சாண் தள்ளி நீட்டி அசையாமல் வையுங்கள். முகர்ந்துவிட்டுக் கன்னத்தைத் தேய்த்தால் சம்மதம். முகர்ந்துவிட்டு அப்படியே நின்றால் இன்றைக்கு அவ்வளவுதான், விரலை எடுத்துவிடுங்கள். முகர்ந்த பூனையைத் தடவிவிடலாம் என்று கை நகர்வதுதான் எல்லோரும் செய்வது; முகர்வது விசாரணை, சம்மதமல்ல.

தொடுவது

மூன்று நொடி தடவுங்கள், கையை எடுங்கள், காத்திருங்கள். மறுபடி உங்கள் கையை நோக்கிச் சாய்ந்தால் இன்னும் மூன்று நொடி. முகத்தைத் திருப்பினாலோ, உடலை உதறினாலோ, சும்மா நின்றாலோ நிறுத்துங்கள். இந்தச் சின்னச் சோதனையை ஆண்டுக்கணக்கில் பழகிய விலங்கோடும் விடாமல் செய்யலாம். நாய்க்கு மார்பு, கழுத்தின் பக்கம், தோள் நல்ல இடங்கள். தலைக்கு மேலாகக் கை வருவதும் கட்டிப்பிடிப்பதும் பெரும்பாலான நாய்களுக்குப் பிடிக்காது. பூனைக்குக் கன்னம், தாடை, காதுக்கு முன்பகுதி. வயிறும் வாலடியும் வேண்டாம். வயிற்றைக் காட்டிப் புரண்டால் நம்பிக்கை என்று பொருள், தொடச் சொல்கிறது என்றல்ல.

மடியில் படுத்துக் குறுகுறுத்துக்கொண்டிருந்த பூனை திடீரென்று கடித்துவிட்டது என்பார்கள். திடீரென்று கடிப்பது அபூர்வம். அதற்கு முன் வால் நுனி தட்டியிருக்கும், முதுகுத் தோல் சிலிர்த்திருக்கும், காது பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். வால் நுனி அசைந்தவுடன் கையை எடுத்துப் பழகினால் அந்தக் கடி வராது.

நாயும் மனிதரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடுகிறது என்று ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வு 2015-இல் காட்டியது. பாசத்தோடு தொடர்புடைய சுரப்பு அது. உண்மைதான், ஆனால் அவை ஏற்கெனவே தங்கள் மனிதரோடு வாழ்ந்த நாய்கள். புதிதாக வந்த நாயின் கண்ணை உற்றுப் பார்ப்பது மிரட்டல். அந்தப் பார்வை அதுவாக உங்களைத் தேடி வரும். அதுவரை கொஞ்சம் பொறுங்கள்.

பயிற்சியும் விளையாட்டும்

பயிற்சி என்பது கீழ்ப்படிய வைப்பதற்கல்ல. இருவருக்கும் ஒரு பொது மொழி கிடைப்பதற்கு. முதல் பாடம் பெயர்: பெயரைச் சொல்லுங்கள், உடனே தீனி. பத்து முறை, நாளுக்கு இரண்டு மூன்று தடவை. இரண்டாவது, உள்ளங்கையை மூக்கால் தொடுவது. கையை அதன் மூக்குக்கு ஒரு சாண் பக்கத்தில் காட்டுங்கள். முகர வந்து தொட்ட நொடியில் "ஆம்" என்று சொல்லித் தீனி கொடுங்கள். பூனைக்கும் இது அருமையாக வரும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். தீனி ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

பூனைக்கு நூலில் கட்டிய இறகு விளையாட்டு, காலையும் மாலையும் ஐந்து பத்து நிமிடம். இறகை விலகி ஓடவிடுங்கள். பூனையின் முகத்தை நோக்கிக் கொண்டுவந்தால் அது பயந்துவிடும். கடைசியில் பிடிக்கவிட்டு, உடனே உணவு வையுங்கள். வேட்டை, பிடி, சாப்பாடு, தூக்கம் என்ற அதன் இயல்பான வரிசையில் நீங்களும் ஒரு பங்காகிவிடுவீர்கள்.

அடிப்பது, கழுத்துப்பட்டையைச் சுண்டுவது, மல்லாத்தி அமுக்குவது எதுவும் வேண்டாம். "நாய்க்கு யார் தலைவர் என்று காட்ட வேண்டும்" என்ற எண்ணம் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து 1940-களில் எழுதியதிலிருந்து பரவியது. இயற்கையில் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான். 2020-இல் போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து நடத்திய ஆய்வில், தண்டித்துப் பழக்கிய நாய்கள் அதிகப் பதற்றக் குறிகளைக் காட்டின, பயிற்சிக்குப் பின் எச்சிலில் கார்டிசோல் என்ற பதற்றச் சுரப்பும் கூடியிருந்தது.

ஓடிப்போகும் ஆபத்து

புதிதாக வந்த நாய் தொலைந்துபோக அதிக வாய்ப்புள்ளது முதல் சில வாரங்களில்தான். பயந்த நாய் பின்னால் எடையைப் போட்டு இழுத்தால் சாதாரணக் கழுத்துப்பட்டை தலைவழியே கழன்றுவிடும். மார்புக்கும் வயிற்றுக்கும் பட்டைகள் உள்ள ஹார்னஸ் ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. பட்டைக்கும் உடலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இறுக்கம். இழுத்தால் நீளும் கயிறு வேண்டாம். கைநழுவி விழுந்தால் அந்தப் பிடி பின்னாலேயே தடதடவென்று துரத்தி வந்து நாயை இன்னும் ஓட்டும். தொலைபேசி எண் பொறித்த வில்லை முதல் நாளே கழுத்தில் இருக்கட்டும், தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பும் போட்டு உங்கள் பெயரில் பதிந்துவிடுங்கள்.

தப்பிவிட்டால் துரத்தாதீர்கள், கூட்டமாகப் பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். தப்பிய இடத்தில் உணவும் அதன் படுக்கைத் துணியும் வைத்துவிட்டு, கண்ணில் பட்டால் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து தீனியைச் சிதறவிடுங்கள். தொலைந்து பின் கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று பங்கு, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன என்று 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எனவே போஸ்டர் ஒட்டுவதற்கு முன்பே, அக்கம்பக்கத்து வண்டியடி, படிக்கட்டடி, புதர் எல்லாவற்றையும் இரவில் கைவிளக்கு அடித்துப் பாருங்கள்; கண் மின்னும்.

பிணைப்பை உடைக்கும் மூன்று இடங்கள்

சாப்பாட்டுக் கிண்ணம் முதலாவது. பட்டினி கிடந்த நாய் கிண்ணத்தைக் காக்கும். சாப்பிடும்போது கையை விட்டுப் "பழக்குவது" அந்தப் பயத்தை உறுதிசெய்யும். அது விறைக்காமல் இருக்கும் தூரத்தில் நடந்துபோய், கிண்ணத்தில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டை எறிந்துவிட்டு விலகுங்கள். சில வாரம் கழித்து நீங்கள் வருவதைப் பார்த்து வாலாட்டும்.

இரண்டாவது, தனிமை. ஒருமுறை கைவிடப்பட்ட நாய் நீங்கள் செருப்பு மாட்டினாலே நடுங்கலாம். வெளியே போய் ஐந்து நொடியில் திரும்புங்கள், பிறகு பத்து நொடி, முப்பது நொடி. இடையிடையே குறைத்தும் கலந்துவிடுங்கள், எப்போதும் கூட்டிக்கொண்டே போனால் நாய் அதைக் கண்டுபிடித்துவிடும். பழைய செல்பேசியில் பதிவுசெய்து பாருங்கள். மூச்சிரைப்பு, நடை, ஊளை எந்த நொடியில் தொடங்குகிறதோ அதற்கு முன் திரும்ப வேண்டும்.

மூன்றாவது, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் விலங்கு. நேருக்கு நேர் அறிமுகம் கடைசிப் படி. முதலில் படுக்கைத் துணிகளை மாற்றி வையுங்கள், பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு, பிறகு வலைத்தடுப்பு வழியே பார்வை. சீறல் நின்று சாதாரணமாகச் சாப்பிட்டால்தான் அடுத்த படி. நாயும் பூனையும் என்றால் முதல் சந்திப்புகளில் நாய் கயிற்றில் இருக்கட்டும், பூனைக்கு ஏறி ஒதுங்க இடம் இருக்கட்டும்.

எதுவுமே நகரவில்லை என்றால்

முதலில் வலியைச் சந்தேகியுங்கள். நடத்தைச் சிக்கலுக்காகச் சிறப்பு மருத்துவரிடம் வந்த விலங்குகளில் மூன்றில் ஒரு பங்குக்காவது வலியும் ஒரு காரணம் என்று 2020-இல் வெளியான மருத்துவ ஆய்வுக் கட்டுரை மதிப்பிடுகிறது. தொட்டால் சீறும் பூனைக்குப் பல் வலி இருக்கலாம், ஹார்னஸ் மாட்டும்போது கடிக்கும் நாய்க்குத் தோள்பட்டை வலி இருக்கலாம். மணல் தட்டுக்கு அடிக்கடி போயும் சிறுநீர் வராத ஆண் பூனைக்கு அடைப்பு. அது அவசரம், அன்றே போக வேண்டும்.

மனிதரே தெரியாமல் காட்டுத்தனமாக வளர்ந்த முழு வளர்ச்சியடைந்த பூனையைச் சுவருக்குள் வைத்துப் பழக்க முயல்வது பெரும்பாலும் அதற்குச் சித்திரவதை. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டு, தினமும் ஒரே நேரத்தில் உணவு வைத்துத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வதே அதற்கு நல்ல வாழ்க்கை. நாலு மீட்டர் தள்ளி உட்கார்ந்து நீங்கள் வரும் நேரத்துக்குக் காத்திருந்தால், அந்தப் பூனை தரக்கூடிய நட்பு முழுவதையும் தந்துவிட்டது.

நாய் வாரக்கணக்கில் மூலையை விட்டு எழாமல், நீங்கள் அறையில் இருக்கும்வரை சாப்பிடாமல் இருந்தால், விலங்கு நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவரிடம் மருந்து பற்றிப் பேசத் தயங்காதீர்கள். பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளுவாக்செடின் போன்ற மருந்துகள் முழுப் பலன் காட்ட நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை தீனி எறிவதையும் நேரத்தையும் மாற்றாமல் வையுங்கள், மருந்தை நீங்களாக நடுவில் நிறுத்தாதீர்கள், எந்தத் தூரத்தில் சாப்பிட்டது என்று தினமும் ஒரு வரி எழுதிவைத்து அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள்.